நேற்றுத் தண்ணீர்

சோதனைக்குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோமு அடுக்களையில் நின்றாள். வெளியே பந்தலுக்குக் கம்பு நடும் சத்தம். முன்னறையில் அவளுடைய அப்பா தில்லைநாயகம், நாடிக்கட்டும் கால்கட்டுமாகப் பெஞ்சில் கிடந்தார். குழாயின் அடியில் செங்கல் பொடிபோல வண்டல் படிந்திருந்தது. நேற்றுக் காலை ஐந்தே முக்காலுக்கு வந்த நிறம். ஒரு நாள் கழிந்தும் மாறவில்லை.

"ஏட்டி கோமு, அப்பாவைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கக் குடம் கேக்குதாங்க. பித்தளைக் குடத்தை எங்கன வச்சிருக்க?" பக்கத்து வீட்டு இசக்கித்தாய் நிலைப்படியில் வந்து நின்றாள்.

"அரிசிப் பானைக்குப் பின்னால இருக்கு மதினி."

குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிய இசக்கித்தாய் அவள் கையைப் பார்த்தாள். "அதைக் கீழ வையி தாயி. இனிமே யாருக்குச் சோதிக்கப் போற?"

கோமு குழாயை வெளிச்சத்தில் இன்னொரு முறை திருப்பினாள். அவளுக்கு ஒரு கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தே முக்காலுக்கு இந்தக் குழாய், அப்பாவின் சிறுநீரில் சர்க்கரை மிக அதிகம் என்றது. எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் விரல் நுனியைக் குத்தி ஒரு துளி ரத்தத்தைச் சின்னக் கருவியில் வைத்தார். கருவி இருபத்தெட்டு என்று காட்டியது. சாப்பிடாத மனிதருக்கே எண்பது இருக்க வேண்டும். இரண்டே முக்கால் மணி நேரத்தில் மலையிலிருந்து பாதாளத்துக்கு எப்படி இறங்கும்? அதுவும், ஐந்தே முக்காலுக்கே அவர் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டு இருந்ததே. இரண்டில் ஏதோ ஒன்று பொய்.

குழாய் பொய் சொல்லாது. பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கும் அவள் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்வதுதான். நீலக் கரைசலில் இருப்பது செம்பு. குளுக்கோஸ் கையில் உள்ளதைக் கொடுத்துவிடும் குணம் கொண்ட சர்க்கரை. சூடு ஏறியதும் செம்பிடம் எலக்ட்ரான்களைக் கொடுத்துவிடும். வாங்கிக்கொண்ட செம்பு நீலத்தை இழந்து, சிவந்த துகளாகக் கீழே இறங்கும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல். ஐந்து மில்லி கரைசல், எட்டுச் சொட்டுச் சிறுநீர், இரண்டு நிமிடக் கொதி. மூன்று வருஷமாக, காலையும் மாலையும், அவள் கையாலேயே செய்தது.

கரைசல் கெட்டுப்போயிருக்குமோ என்று விடியுமுன் அதையும் பார்த்துவிட்டாள். பிணம் கிடக்கும் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. ஸ்பிரிட் விளக்கு அடுப்பில் சேர்த்தியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வெறும் தண்ணீரை விட்டுக் கொதிக்கவைத்தாள். நீலம் அசையவில்லை. துளி குளுக்கோஸ் பொடி போட்டாள். சிவந்தது. கரைசல் நல்ல கரைசல்தான்.

நேற்றைக்கு முந்தின நாள் ராத்திரி ஏழு மணிக்கும் குழாய் இப்படித்தான் சிவந்தது. அதனால்தான் மாத்திரையை அரை கூட்டினாள். மூன்று தோசையை ஒன்றாக்கினாள். அப்பா வட்டிலைப் பார்த்துவிட்டு, "என்னட்டி, காக்காய்க்கு வச்சதை எனக்குப் போட்டுட்டியா?" என்று கேட்டார். ராத்திரி அவர் எழுந்திருக்கவே இல்லை. காலையில் எழுப்பியபோது உடம்பெல்லாம் வேர்த்து, விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"கோமு, ஒரு கரண்டி சீனி தாட்டி. உள்ள என்னமோ பறக்கு."

"கொஞ்சம் பொறுங்கப்பா. சோதிச்சிட்டுச் சொல்லுதேன்."

சோதித்தாள். சிவந்தது. குழாயைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்க நிறத்தை. இதுல சீனி வேற கேக்குதீங்க."

அவர் குழாயைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "சரிட்டி. உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஏழரைக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்றினார்கள். பாட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிய தண்ணீரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பட்டினி கிடந்தால் தசை கொழுப்பை எரித்துப் பிழைத்துக்கொள்ளும். மூளைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அதற்குக் குளுக்கோஸை ரத்தம் நிமிஷத்துக்கு நிமிஷம் கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும். சேர்த்துவைக்க அதனிடம் குதிர் கிடையாது. பாட்டில் பாதி இறங்கும்போது அப்பாவின் இதயம் நின்றது.

தம்பி குமரகுருபரன் மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து இறங்கியபோது இன்று காலை மணி எட்டு. அப்பாவின் காலடியில் விழுந்து அழுதான். எழுந்து, அடுக்களைக்கு வந்து, அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான்.

"எக்கா, நீ பாத்த மாதிரி யாரு பாத்துக்கிடுவா? ஒரு துளி சீனி அவரு நாக்குல பட விட்டியா? உன்னாலதான் இவ்வளவு நாள் இருந்தாரு."

பின்னாலேயே வந்த இசக்கித்தாயும் மூக்கைச் சிந்திக்கொண்டு ஒத்துக்கொண்டாள். "ஆமா ராசா. கல்யாண வீட்டுல ஜாங்கிரிய கையில எடுத்தாருன்னா, பந்தின்னும் பாக்காம புடுங்கிருவா. எமனையே மூணு வருஷம் வாசல்ல நிறுத்தி வச்சிருந்தா."

கோமு தம்பியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கை தானாகப் போய்க்கொண்டிருந்தது.

நீர்மாலை எடுக்க ஆண்கள் ஆற்றுக்குப் போயிருந்த நேரத்தில் பரமசிவன் வந்தார். அப்பாவோடு பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். அப்பாவுக்கு இருபத்தாறு வருஷம் சீவலப்பேரியில் ஆற்றுக்குள் நட்ட அளவுக் கம்பில் மட்டம் பார்த்துக் குறித்து அனுப்பும் வேலை. பரமசிவனுக்கு மேலே மணிமுத்தாறு அணையில். இரண்டு பேரும் போனில் சண்டை போட்டே சிநேகமானவர்கள். மாலையைப் போட்டுவிட்டு, பெஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து, கேட்பவர்கள் கேட்கட்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

"ஒரு ஐப்பசி. நல்ல மழை. நான் ராத்திரி ஷட்டரை மூடிட்டு, மூடியாச்சுன்னு போன் போட்டுச் சொல்லிட்டேன். மறுநா காலையில சீவலப்பேரியில தண்ணி ஏறிட்டே இருக்கு. ஊர்க்காரன் பூரா கூடி நின்னு, அணையில திறந்துவிட்டுட்டுப் பொய் சொல்லுதான்னு என்னைய வையுதான். பெரிய அதிகாரி ஜீப்புல வந்து இறங்கி, 'என்னவே, அவன் மூடிட்டேங்கான், உம்ம கம்பு ஏறுதுங்கு, எது பொய்?'ன்னாரு. இந்த மனுஷன் வெத்தலையத் துப்பிட்டுச் சொன்னாராம்: 'ரெண்டும் நெசந்தான்யா. அங்க மூடியாச்சு. இங்க ஓடுதது நேத்துத் தண்ணி.'"

சுற்றி இருந்தவர்களில் ஒன்றிரண்டு பேர் மெதுவாகச் சிரித்தார்கள். பரமசிவனே சிரித்தார், சிரிப்பு பாதியில் உடைந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கோமு அடுக்களைக்குள் போய்க் குழாயை மறுபடி கையில் எடுத்தாள்.

குளம் நிறைந்தால்தான் கலிங்கில் உபரித் தண்ணீர் வழியும். ரத்தத்திலும் சர்க்கரை ஒரு மட்டத்தைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வழியவிடும். ராத்திரி எட்டு ஒன்பது மணிவரை வழிந்திருக்கிறது. பிறகு மாத்திரை வேலை செய்திருக்கிறது, தோசையும் ஒன்றுதான். மட்டம் இறங்க இறங்க வழிவது நின்றுவிட்டது. ஆனால் வழிந்தது எங்கே போகும்? விடியும்வரை சிறுநீர்ப்பையில் கிடந்தது. அவள் காலையில் எட்டுச் சொட்டு எடுத்துக் கொதிக்கவைத்தது ராத்திரி ஒன்பது மணியை. அந்நேரம் பக்கத்தில் வேர்த்துக் கிடந்தது காலை ஐந்தே முக்கால். குழாயும் பொய் சொல்லவில்லை, கருவியும் பொய் சொல்லவில்லை. உள்ளே என்னமோ பறக்கிறது என்று சொன்னவரும் பொய் சொல்லவில்லை.

ஈர வேட்டியோடு குடத்தைத் தோளில் சுமந்து வந்த தம்பியை அவள் பின்கட்டில் நிறுத்தினாள்.

"குமரு, அப்பாவுக்குச் சக்கரை கூடல. குறைஞ்சிட்டு. ரொம்பக் குறைஞ்சிட்டு. அவரு சீனி கேட்டாரு."

அவன் குடத்தை இறக்காமலே அவளைப் பார்த்தான். "எல்லாம் அந்த வியாதிதானேக்கா. கூடுனா என்ன, குறைஞ்சா என்ன. நீ ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல. போயி உக்காரு." முன்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். தண்ணீர் தளும்பி அவள் காலில் விழ, நடந்து போய்விட்டான்.

குளிப்பாட்டினார்கள். சங்கு ஊதினார்கள். பெண்கள் சுற்றி வந்து வாய்க்கரிசி போட்டார்கள். அவளும் போட்டாள். அரிசி உதட்டில் நின்றது, உள்ளே போகவில்லை. தேரில் வைத்துத் தூக்கித் தெருமுனை திரும்பும்வரை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பெண்கள் குளிக்கப் போனார்கள்.

வெறிச்சோடிக் கிடந்த பந்தலில் ஹாஜா மட்டும் இருந்தார். தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருப்பவர். கடையைச் சாத்திவிட்டு விடியற்காலையிலிருந்து பெஞ்சு சுமந்துகொண்டிருந்தார். அவருக்கும் சர்க்கரை. மாதம் ஒரு பாட்டில் நீலக் கரைசல் அவருக்குக் கோமுதான் தயார் செய்து கொடுப்பாள்.

"கோமும்மா, ஒரு வாய் தண்ணி குடு. வெயிலு என்னமோ பண்ணுது."

வெயில் இன்னும் பந்தலுக்குள் வரவில்லை. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செம்பை வாங்கிய கை நடுங்கி, தண்ணீர் மார்பில் சிந்தியது.

"அண்ணாச்சி, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"சாவு வீட்டு வேலையில சாப்பாடு எங்கன? மாத்திரை மட்டும் போட்டேன். ரெண்டாப் போட்டேன்."

"ரெண்டா? ஏன்?"

"எந்திரிச்சதும் சோதிச்சேன்லா. நம்ம தில்லைநாயகம் அண்ணாச்சிக்கு வந்த மாதிரி செக்கச் செவேல்னு வந்துட்டு. பயந்துட்டேன்."

கோமு அடுக்களைக்கு ஓடினாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். மேல் தட்டில், ஊறுகாய் ஜாடிக்கும் பழைய செய்தித்தாளுக்கும் பின்னால், அப்பாவின் கை எட்டாதபடி அவளே ஒளித்துவைத்த சீனி டப்பா இருந்தது. மூடி இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தாள். டம்ளர் தண்ணீரில் நான்கு கரண்டி போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தாள்.

ஹாஜா ஒரு வாய் வைத்ததும் டம்ளரைத் தள்ளினார். "என்னம்மா இது, சீனியைக் கொட்டியிருக்க! அண்ணாச்சிக்கு ஒரு துளி குடுத்ததில்லையே நீ."

"குடிங்க."

"சிவப்பா வந்துச்சுன்னு சொல்லுதேன்லா..."

"குடிங்க அண்ணாச்சி. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

அவள் குரலைக் கேட்டு அவர் டம்ளரை மறுபடி வாங்கினார். கடைசிச் சொட்டுவரை குடித்தார். டம்ளரின் அடியில் கரையாமல் நின்ற சீனியை அவள் விரலால் வழித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதையும் வாயில் போட்டுக்கொண்டார். அவள் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால்மணி நேரம் போல ஆயிற்று. நடுக்கம் நின்றது. அவர் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்தார்.

கோமு வகுப்பில் சொல்லும் அதே நிதானத்தோடு சொன்னாள்.

"காலையில முதல்ல வாரதைக் கீழ கொட்டிருங்க. அது ராத்திரி சேர்ந்தது. ஒரு செம்புத் தண்ணி குடிச்சிட்டு அரைமணி நேரம் இருங்க. பொறவு வாரதுல எட்டுச் சொட்டு எடுத்துச் சோதிங்க. வேர்த்துக் கொட்டி, கை நடுங்குனா சோதிக்கவே வேண்டாம். குழாய் எந்த நிறம் காட்டுனாலும் சரி, முதல்ல சீனியைத் தின்னுங்க."