வெர்னா கற்றுக்கொடுத்த வளையம்

வெர்மான்ட் மலையடிவாரத்து அந்தச் சிற்றூரில், அக்டோபர் பிறந்தால் வாசற்கதவில் இலைவளையம் தொங்காத வீடு கிடையாது. வெர்னா கட்டும் வளையத்துக்குத் தனிப் பேர். அந்த வருஷம் தேவாலயக் கூடத்தில் பதினொரு பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். காட்டுத் திராட்சைக் கொடியை வட்டமாகச் சுற்றி, கம்பியால் இறுக்கி, மேப்பிள் இலையும் சோளத்தோகையும் செருகினால் போதும். திராட்சைக்கொடி குறைவாக இருந்ததால், வீட்டுக்குப் பின்னால் மரத்தில் ஏறிக் கிடந்த இன்னொரு கொடியையும் காலையில் அறுத்து வந்திருந்தாள்.

அவள் நாத்தனார் தெல்மா மாட்டுப்பண்ணைக்காரி. சோளத்தோகை அவள் கொண்டுவந்ததுதான். அந்தக் கொடிக்கட்டைத் தூக்கியவள் சட்டென்று கீழே போட்டாள்.

“வெர்னா, இது திராட்சை இல்ல. மேலெல்லாம் முடி முடியா வேர் பாரு. விஷக்கொடி. தொட்டா கொப்புளம் போட்டுடும்.”

“இலையே இல்ல, அதுக்குள்ள விஷம் கண்டுபிடிச்சுட்டியா? நீ மாட்டு மடியோட நிறுத்திக்க, தெல்மா!”

கூடமே சிரித்தது. தெல்மா போய், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வெர்னாவுக்கும் அந்த வேர்களைப் பார்த்தபோது உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனால் அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க மனம் வரவில்லை. நகப்பூச்சு கெடக்கூடாதென்று அவள் மட்டும் கையுறை போட்டிருந்தாள்.

மூன்றாம் நாள், வளையம் கட்ட வந்திருந்த போதகரின் மனைவி லெனோர் போன் செய்தாள். “கண்ணே திறக்க முடியல, வெர்னா. கையெல்லாம் நீர்க்கொப்புளம். மத்தவங்களுக்கும் அப்படித்தானாம். எதனால?”

வெர்னாவின் வாய் முந்திக்கொண்டது. “தெல்மா கொண்டுவந்த தோகையில பூச்சிமருந்து அடிச்சிருப்பாங்களோ என்னவோ.”

போனை வைத்ததும் திரும்பக் கூப்பிடலாமென்று எடுத்தாள், வைத்தாள்.

ஞாயிறு ஆராதனையில் தெல்மா உட்கார்ந்த வரிசையில் வேறு யாருமே உட்காரவில்லை. “அவளுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல, கவனிச்சியா?” என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். தெல்மா பாட்டுப் புத்தகத்தை வெறித்துக்கொண்டிருந்தாள்.

அறிவிப்பு நேரத்தில் வெர்னா எழுந்தாள்.

“தோகையில ஒண்ணுமில்ல. நான் கொண்டுவந்த கொடிதான். தெல்மா அப்பவே சொன்னா, நான் கேலி பண்ணினேன். அப்புறம் லெனோர் போன்ல கேட்டப்ப பழியையும் அவ மேல போட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. லெனோர் வீங்கிய கண்களால் அவளையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு, நாலு வார்த்தை திட்டியிருந்தாலே தேவலை.

வாசலில் தெல்மாவை மறித்தாள். “என்னை மன்னிச்சுடு.”

“கொடி தெரியாம போறது யாருக்கும் நடக்கும். அந்த போன் பேச்சு அப்படியில்ல, வெர்னா. இருபத்தாறு வருஷமா உன் வீட்டு மேசையில சாப்பிடுறவ நான்.”

அன்று மத்தியானமே வெர்னா வீடு வீடாகப் போய், அரிப்புக்கான களிம்பைக் கொடுத்துவிட்டு வளையங்களைக் கோணியில் திரும்ப வாங்கினாள். சிலர் கதவு இடுக்கு வழியாகவே நீட்டினார்கள். கடைசியாகப் பண்ணை வாசலில் நின்று கூப்பிட்டாள்.

“தெல்மா, இதையெல்லாம் எரிச்சுடவா?”

“எரிக்காதே. புகை நெஞ்சுக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து. புதைச்சுடு.” தெல்மா கொட்டகையிலிருந்து ஒரு மண்வெட்டியைக் கொண்டுவந்து வேலியில் சாய்த்தாள், கையில் கொடுக்கவில்லை.

“எவ்வளவு ஆழம் தோண்டணும்?”

“முழங்கால் ஆழம்,” என்று சொல்லிவிட்டு தெல்மா மாடுகளைப் பார்க்கப் போனாள். வெர்னா தனியாகத் தோண்டினாள்.