ஓட்டுநர் அக்காவின் தண்ணீர் பாட்டில்

மாதவிலக்கு நின்று இரண்டு வருடமான பேருந்து ஓட்டுநர் அக்காவுக்குப் போன வாரம் திடீரென்று சிறுநீர் அடங்காமல் போனது. தும்மினால் கசிந்தது. அவசரம் வந்தால் பணிமனைக் கழிப்பறைக் கதவு வரைகூடத் தாங்கவில்லை. வயசாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். டேங்க் காலியாக இருந்தால் எது ஒழுகும் என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினாள். புத்தி புல் மேயப் போயிருந்தது, வேறென்ன! நாலாம் நாள் எரிச்சல் உயிரை எடுத்தது.

ஆஸ்பத்திரியில் சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா முறைத்தார்.

"மாதவிலக்கு நின்னா சிறுநீர்ப் பாதையோட உள்தோல் மெலிஞ்சுபோகும், கிருமி சுலபமா ஒட்டிக்கும். உங்களுக்கு வந்திருக்கறது அந்தக் கிருமித் தொற்றுதான், திடீர்னு கசியறதும் அதனாலதான். தண்ணியையும் நிறுத்தி அதுக்குப் பாய் போட்டுக் குடுத்திருக்கீங்க. ரேடியேட்டர் சூடானா தண்ணி ஊத்துவீங்களா, வடிச்சு விடுவீங்களா?"

"அப்போ இது சரியாயிடுமா?"

"ஒரு வாரம் மாத்திரை, நிறையத் தண்ணி. அப்புறமும் கசிஞ்சா வாங்க, அதுக்கும் வழி இருக்கு."

மறுநாள் இரண்டு லிட்டர் பாட்டிலோடு வண்டியேறிய அக்காவைக் கண்டு நடத்துநர் பதறினார்.

"நடுவழியில அவசரம்னா என்னக்கா பண்ணுவீங்க?"

"வண்டிய நிறுத்துவேன். ஆடு குறுக்க வந்தா நிறுத்தறேன், எனக்காக நிறுத்தக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு, அக்கா மடக் மடக்கென்று குடித்தாள்.