பொதுக் கோப்பில் ஒரு வரி

அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் செய்கிற கம்பெனி எங்களுடையது. மெஷினோடு போகும் புத்தகத்தை எழுதுவது என் வேலை. பழைய மாடல், புது மாடல் இரண்டுக்கும் பொதுவான பக்கங்கள் கம்ப்யூட்டரில் ஒரே கோப்பில் இருக்கும். அதில் ஒரு வரியை அழித்தால் இரண்டு புத்தகத்திலும் அழியும்.

அங்கே ஒரு வரி உண்டு: 'மெயினை அணைக்காமல் உள்ளே கை விடாதீர்கள்.' என் அம்மா அஞ்சலை சென்னீர்குப்பத்துப் பட்டறையில் எங்கள் பழைய மாடலில்தான் தகடு அடிக்கிறாள். அவளுடைய ஆள்காட்டி விரலில் பாதியை அந்த மெஷின் தின்ற பிறகு, நான் சண்டை போட்டுச் சேர்த்த வரி. அந்த வரி உள்ள பக்கம் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. புதுப் பிரதி அச்சானால் சர்வீஸ் ஆள் போய்ப் பழையதைக் கிழித்துவிட்டு அதை ஒட்டுவான்.

வியாழக்கிழமை மேனேஜர் ஸ்ரீநாத் என் மேஜைக்கு வந்தார்.

"நிஷா, அந்தக் கை விடாதீங்கங்கிற வரியை எடுத்துடுங்க. புது மெஷின்தான் கை உள்ள போனா தானே நின்னுடுதே. வாங்க வர்றவங்க படிச்சிட்டுப் பயப்படறாங்க."

"புதுசுல மட்டும் மறைச்சிடலாம் சார். 'பழசுக்கு மட்டும்'னு ஒரு குறி போடணும். அப்புறம் ரெண்டு புத்தகத்தையும் மறுபடி சரி பார்க்கணும்."

"சாயங்காலம் அச்சுக்குப் போகணும். அழிச்சிடுங்க. பழைய மெஷினை நாம விக்கிறதே இல்ல. அந்தப் புக்கை எவன் படிக்கிறான்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆபீசில் நான் அடக்கி வைத்திருக்கும் வீட்டுப் பேச்சு அப்படியே வெளியே வந்தது.

"விக்கலைன்னா இன்னா சார்? ஓடிகினுதானே கீது? எங்கம்மா படிக்கிறாங்க."

"வேலை வேணுமா, வேணாமா?"

பொதுக் கோப்பில் யார் கை வைத்தாலும், தன் பேரில் திறந்து காரணம் எழுதினால்தான் சேமிக்க முடியும். அது எங்கள் ஆபீஸ் வழக்கம்; அந்தப் பேரும் காரணமும் கோப்பிலேயே நிற்கும். நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"நீங்களே உங்க பேர்ல அழிங்க சார்."

உட்கார்ந்தார். வரியை அழித்தார். காரணம் கேட்கும் கட்டம் வந்ததும் விரல் நின்றது.

"சும்மா 'திருத்தம்'னு போட்டுடலாமா?"

"எதுக்கு சும்மா? 'பழைய மெஷின்ல கை போனா பரவாயில்ல'ன்னு போடுங்க. அதானே காரணம்?"

பக்கத்து மேஜைகளில் தட்டச்சு நின்றுவிட்டது. ஸ்ரீநாத் சேமிக்காமல் மூடிவிட்டு எழுந்தார். "குறியே போட்டுத் தொலைங்க. அச்சு நாளைக்குப் போகட்டும்."

போட்டேன். சரி பார்க்கும்போது இன்னொரு வேலையும் செய்தேன்.

அடுத்த வாரம் அம்மா பட்டறையிலிருந்து வந்து சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்:

"இன்னாடி, சுவத்துல புதுசா ஒட்டிகீறானுங்க, அந்த ஒரு வரி மட்டும் இம்மாம் பெரிசா கீது?"

"நான்தாம்மா பெரிசாக்குனேன்."

"உங்க சாரு ஒத்துக்கினாரா?"

"அவரை எவ கேட்டா?"

அம்மா சிரித்துவிட்டு, அந்தப் பாதி விரலோடு என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.