கோப்பில் இல்லாத பின்னல்

1

இந்தக் கதை நீதிமன்ற வராந்தாவில் எனக்கு ஓசியில் கிடைத்தது. வேறு வேலையாகப் போனவன், நாற்காலி காலியாக இருக்கிறதே என்று உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு எலக்ட்ரீசியன், தன் மனைவியோடு. வாய் ஓயாமல் பேசினார். பாதி அவர் சொன்னது, மீதி என் கைச்சரக்கு.

முதல் வரி: 'நீதி தேவதையின் கண்கள்...' (அடச்சே! அந்த அம்மாவை விட்டுவிடுவோம்.)

2

மனைவிக்குத் தையல் ஆலையில் வேலை. தைத்துத் தைத்தே வலது மணிக்கட்டு போயிற்று. சீப்புகூடப் பிடிக்க முடியாது. வேலை செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் உதவித்தொகை தரும் காப்பீட்டை ஆலை எடுத்திருந்தது. கேட்டதும், காப்பீட்டுக் கம்பெனி தன் டாக்டரிடம் அனுப்பியது. அன்று காலை கணவர்தான் தலை பின்னிவிட்டார்.

"இறுக்காதீங்க, மண்டை வலிக்குது."

"டாக்டர்கிட்ட பரட்டைத் தலையோடவா போவாங்க? மூணு ஒயரை முறுக்குறவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி. ஆடாம இரு."

டாக்டர் எழுதினார்: 'தலைமுடி நேர்த்தியாகப் பின்னப்பட்டுள்ளது. கை நன்றாக இயங்குகிறது.' யார் பின்னியது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு இவளும் பதில் சொல்லவில்லை. கம்பெனி கைவிரித்தது.

மறுபரிசீலனை கேட்டபோது மருத்துவச் சீட்டுகளையெல்லாம் வைத்தார்கள். பின்னலைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. பெண்டாட்டிக்குத் தலை பின்னுகிறான் என்று நாலு பேருக்குத் தெரிந்தால்? அவருக்கு வெட்கம். கம்பெனி மறுபடியும் முடியாது என்றது. வழக்குப் போட்டார்கள்.

3

வழக்கறிஞர் அம்மாள் உடைத்தே சொல்லிவிட்டார்.

"இதுல சாட்சி விசாரணையெல்லாம் கிடையாது அண்ணா. கம்பெனி முடிவெடுத்தப்போ கோப்புல என்ன இருந்துச்சோ, அதை மட்டும்தான் நீதிபதி பாப்பாரு."

"நான்தான் பின்னினேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதுமே மேடம்!"

"அப்பவே எழுதியிருக்கணும்."

தன் வெட்கம்தான் அவள் கழுத்தை அறுத்துவிட்டது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மனிதர் நொந்துபோனார்.

(இங்கே, நீதிமன்றத்தில் வாதம் நடக்கும்போது அவரை எழுந்து கத்தவைத்தேன்: 'ஐயா, நான்தான் பின்—' அடித்துவிட்டேன். காவலர் கையைப் பிடித்து உட்காரவைத்திருப்பார், அவ்வளவுதான்.)

4

முடிவுகள் மூன்று கைவசம் உண்டு. வெற்றி: எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. தோல்வி: எலக்ட்ரீசியன் மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகு கை வரவில்லை. மூன்றாவது, 'கம்பெனியே இன்னொரு தடவை ஆராயட்டும்' என்று திருப்பி அனுப்புவது. சட்டத்தில் அதற்கும் இடமுண்டு. கதையில் வைத்தால் நீங்கள் என்னை உதைப்பீர்கள்.

5

ஆகவே, கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். வாதம் முடிந்து சாப்பாட்டு இடைவேளை. வராந்தாவில் ரப்பர் பேண்ட் கழன்று, மின்விசிறிக் காற்றில் அவள் பின்னல் அவிழ்ந்துவிட்டது. எலக்ட்ரீசியன் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பின்னால் போய் நின்றார்.

"எல்லாரும் பாக்குறாங்க, வேணாங்க."

"பாக்கட்டும். கோப்புலதான் இல்ல, தலையிலயாவது இருக்கட்டும்."

அப்போதுதான் நீதிபதி வெளியே வந்தார். நின்றார். ரப்பர் பேண்டைப் பிடித்திருந்த அவளது இடது கையைப் பார்த்தார். மடியில் சும்மா கிடந்த வலது கையைப் பார்த்தார். வயர் முறுக்கிக் காய்த்துப்போன விரல்கள் பின்னி முடிக்கும்வரை பார்த்தார். பிறகு போய்விட்டார்.

பார்த்தது கோப்பில் கிடையாது. தீர்ப்பு எழுதும்போது அவர் அதைப் பார்க்காதவராக இருந்தாக வேண்டும்.

நீங்களும்தான் பார்த்துவிட்டீர்கள். இந்தாருங்கள் கோப்பு, பின்னலை மறந்துவிட்டுத் தீர்ப்பை எழுதுங்கள். மறக்க முடிந்ததென்றால், எப்படி என்று எனக்கும் சொல்லுங்கள்.