காதோரத்து உப்பு

இரண்டாயிரத்து இருபத்திரண்டு மாசி மாதத்திலிருந்து காலடிப்பேட்டையில் யார் எதை ஊன்றிக் கவனித்தாலும் அவர்களுடைய இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் உப்புப் பூத்தது. முதல் வாரம் ஆலைப் புகையைச் சந்தேகித்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து ஆசிரியர்கள் பிள்ளைகளின் காதைத் தடவிப் பார்த்துவிட்டுப் பாடத்தை மேலே நடத்தினார்கள். சலூன்களில் முடியோடு உப்பையும் கூட்டித் தள்ளினார்கள். கவனிக்கும்போதும் கற்கும்போதும் மூளையில் சுரக்கும் ரசாயனங்களைப் பதினொரு வருஷமாக எலிகளிடம் ஆராய்ந்துவந்த குணசுந்தரி, எலிகளை விட்டுவிட்டு, இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் உப்பைக் குப்பிகளில் சேர்த்து எடை போட்டாள். எல்லோருக்கும் இரண்டு காதிலும் எடை ஒன்றாகவே இருந்தது. அவளுடைய அம்மா அங்கம்மாவுக்கு மட்டும் ஆடி மாதத்திலிருந்து வலக்காதில்தான் உப்பு. ‘சேகரிப்பில் பிழை’ என்று குறித்துக்கொண்டாள்.

அங்கம்மா டோல்கேட்டில் மீன் விற்பவள். அந்த நாட்களில் கூடையின் வலப்பக்கத்து மீன் விற்றுத் தீர்ந்தது. இடப்பக்கத்து மீன் அப்படியே கெட்டது. “இன்னா அங்கம்மா, பாதிக் கூடைய பூனைக்கு நேந்துகினியா?” என்றார் வாடிக்கைக்காரர் கமாலுதீன். “மீன் ஏது பாய், அல்லாம் வித்துப்போச்சு” என்று காலியான பக்கத்தைக் காட்டினாள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தாள். குப்பியை எடை போட்டுக்கொண்டே குணசுந்தரி ‘உம்’ கொட்டினாள்.

புரட்டாசியில் ஒரு மதியம் அங்கம்மா தட்டின் வலப்பாதிச் சோற்றைக் கோடு கிழித்ததுபோல் தின்று முடித்து, “இன்னும் கொஞ்சம் போடு, பசி அடங்கல” என்றாள். குணசுந்தரி தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தாள். “இது எப்போ போட்ட?” என்றாள் அம்மா. மூளையின் ஒரு பாதி பழுதானால் எதிர்ப்பக்கத்து உலகமே கவனத்திலிருந்து போய்விடும் என்பதைப் பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயமாகவே படித்தவள் குணசுந்தரி. நோட்டைப் புரட்டினாள். பிழை என்று எழுதிய நாட்கள் பதினேழு. பதினேழு நாளும் அம்மாவின் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள், காதைப் பார்த்துக்கொண்டு.

மூளையின் வலப்பக்கத்தில் சிறு ரத்தக்குழாய் ஒன்று அடைத்து நாளாகிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இடப்பக்கம் திரும்ப வரலாம், வராமலும் போகலாம். அன்றிலிருந்து அவள் தினமும் அம்மாவின் இடப்பக்கத்தில், அம்மாவுக்கு இல்லாமல் போன அந்தப் பக்கத்தில், உட்கார்ந்து பேசினாள். அங்கம்மா வலப்பக்கத்துச் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னாள். குப்பிகளில் தூசி படிந்தது.

அடுத்த மாசியில், குழம்பு கொதிக்கும்போது, அங்கம்மா மெல்ல இடப்பக்கம் திரும்பினாள்.

“எத்தினி நாளா இங்க குந்திகினு கீற?”

“பொரட்டாசிலேந்து.”

அங்கம்மா தன் இடக்காதைத் தடவினாள். விரலில் வந்ததைக் குழம்பில் உதறினாள். பிறகு மகளின் காதுக்குப் பின்னாலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டு, கலக்கி, ருசி பார்த்தாள். உப்பு சரியாக இருந்தது.