இணைப்பில் ஏழு பேர்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி அலுவலகம் முழுக்க அவர் ‘பட்டன் சார்’. கூட்ட அறை மேசையின் நடுவே மூன்று கால்களையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஸ்பீக்கர்போனுக்கும், அதோடு சேர்ந்த நாற்பது தொலைபேசிகளுக்கும் அவர்தான் பொறுப்பு. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அரை மணி நேரம் அவரிடம் பாடம் கேட்டாக வேண்டும்.

“சிவப்பு எரிஞ்சா நீங்க கத்தினாலும் யாருக்கும் கேக்காது. பச்சை எரிஞ்சா நீங்க மூச்சு விட்டாலும் எல்லாக் கிளைக்கும் கேக்கும். இது ரெண்டும் தெரிஞ்சா போதும், பொழச்சுக்கலாம்.”

மேலாளருக்கு மட்டும் இந்தப் பாடம் மூன்று வருடமாகியும் ஏறவில்லை. “பட்டன் சார், எதுங்க அந்த சிவப்பு?” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார். கேட்டுவிட்டு அதையும் பச்சையில்தான் கேட்டோம் என்று தெரிந்து தலையில் அடித்துக்கொள்வார்.

கூட்ட அறைச் சுவரில் பட்டன் சார் தன் கையால் எழுதி ஒட்டிய தாள் ஒன்று உண்டு. அதில் ஒரு வரிக்கு மட்டும் இரண்டு முறை அடிக்கோடு. ‘எல்லோரையும் இணை’ பொத்தானை அழுத்தும் முன் எந்தெந்த விளக்கு மினுக்குகிறது என்று பார்க்கவும், காத்திருக்கும் அத்தனை அழைப்பும் உள்ளே வந்துவிடும். அது சும்மா எழுதியதல்ல. ஒருமுறை எழுத்தர் ஒருவர் தன் மாமியாரைக் காத்திருக்க வைத்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்த, அந்த அம்மாள் ஆண்டுக் கூட்டம் முழுவதையும் கேட்டுவிட்டுக் கடைசியில் இரண்டு யோசனையும் சொன்னார்.

நாற்பது தொலைபேசி என்று சொன்னேன், உண்மையில் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றாவது பட்டன் சாரின் வீட்டுப் படுக்கையறையில் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய மனைவி பக்கவாதத்தில் படுத்துவிட்டாள். வலது கை சுத்தமாக விளங்கவில்லை, இடது கைக்கு ரிசீவரைப் பிடிக்கும் தெம்பு இல்லை. கவனித்துக்கொள்ள வரும் அம்மாள் காலை பத்து மணிக்குக் கிளம்பினால் மறுபடி நாலு மணிக்குத்தான் வருவார். நடுவில் ஆறு மணி நேரம் அந்த வீட்டில் ஒரு கட்டிலும் ஒரு மனுஷியும் மட்டும். பட்டன் சார் மேலாளரிடம் கெஞ்சிக் கேட்டு, ஸ்டோர் அறையில் கிடந்த பழைய செட் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் அலுவலக இணைப்போடு கோத்து, கட்டில் பக்கத்தில் வைத்து, ‘தானே எடுத்தல்’ வசதியைப் போட்டுவிட்டார். மணி ஒரே ஒரு முறை அடிக்கும், ‘டிங்’ என்று ஓர் ஓசை, அவ்வளவுதான், தொலைபேசி தானாகத் திறந்துகொள்ளும். அவள் விரலைக்கூட அசைக்க வேண்டாம்.

ஆனால் இந்த இயந்திரம் விதிமுறையில் கறார். புதிதாக ஒரு தொலைபேசியைச் சேர்த்தால் ‘உங்கள் பெயரைச் சொல்லவும்’ என்று கேட்டுப் பதிவு செய்துகொள்ளும். யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று பிறகு கேட்டால் அதைப் போட்டுக் காட்டும். அன்றைக்கு அவர் செட்டை அவள் வாய்ப் பக்கம் நீட்டினார். அவள் அதைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னாள், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. பெயர் பதிவாகவில்லை, ஆகாவிட்டால் என்ன என்று அவரும் விட்டுவிட்டார்.

பதினொரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை பேசுவார். பெரிதாக ஒன்றுமிருக்காது. மாத்திரை போட்டாயா, மாடி வீட்டுக்காரர் இன்றைக்கும் நாற்காலியை இழுத்தாரா, இப்படித்தான். முடிக்கும்போது “வைக்கட்டுமா?” என்று கேட்பார், “ம், வைங்க” என்பாள். அவளால் துண்டிக்க முடியாது, அவரால்தான் முடியும். அதனாலேயே அந்த ‘ம்’ கேட்காமல் அவர் வைத்ததில்லை.

ஒரே ஒரு நாளைத் தவிர. நான்கு மாதத்துக்கு முன் ஒரு நாள் மூன்று மணிக்குக் கூப்பிட்டார். ‘டிங்’ என்று திறந்தது. அவள் பேசவில்லை. அசந்து தூங்குகிறாள் போல என்று நினைத்தார். “சரி, தூங்கு” என்று சொல்லிவிட்டு வைத்தார். நாலு மணிக்கு அந்த அம்மாள் வந்து பார்த்துவிட்டு அலறிக்கொண்டு கூப்பிட்டார். உயிர் ஒரு மணி வாக்கிலேயே போயிருக்கும் என்றார் மருத்துவர். ஆளே இல்லாத இடத்திலும் அந்தத் தொலைபேசி ஒழுங்காகத் திறந்திருக்கிறது. இவரும் ஒழுங்காகத் தூங்கச் சொல்லிவிட்டு, யாருடைய மேசையிலோ கழன்ற வயரை மாட்டப் போயிருக்கிறார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ள வீட்டிலும் வேறு யாரும் இல்லை.

அதற்குப் பிறகும் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் அவர் கூப்பிடுவது நிற்கவில்லை. தன் பக்கம் சிவப்பைப் போட்டுக்கொண்டு வீட்டைக் கேட்டுக்கொண்டிருப்பார். முதல் வாரம் அங்கிருந்து ஒரு சத்தமும் வராததை அவரால் தாங்க முடியவில்லை. அதனால் காலையில் கிளம்பும்போது மின்விசிறியை நிறுத்தாமல் வர ஆரம்பித்தார். பழைய விசிறி, ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்று ஒரு சத்தம். அது கேட்டால் போதும். அழைப்பை அவராகத் துண்டிக்கவே மாட்டார். யாரும் பேசாவிட்டால் இருபது நிமிடத்தில் இயந்திரமே துண்டித்துவிடும், அந்தப் பாவம் அதன் தலையில் போகட்டும் என்று இருப்பார்.

இந்த நிலையில்தான், ஆளில்லாத மேசைகளில் இருக்கும் தொலைபேசிகளை வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும், பட்டியல் கொடுங்கள் என்று மேலாளர் கேட்டிருந்தார். பட்டன் சார் மூன்று முறை பட்டியல் எழுதினார். மூன்று முறையும் ஒன்பது எண்கள்தான் வந்தன. ஆளில்லாத தொலைபேசி என்றால் முதலில் வர வேண்டியது எது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

புதன்கிழமை மூன்று மணி. கூட்ட அறையில் யாருமில்லை என்று அங்கேயே உட்கார்ந்து வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு மணிக் கூட்டத்தை முன்னால் தள்ளிவிட்டார்களாம், மேலாளர் கோப்போடு விடுவிடுவென்று உள்ளே வந்தார். எந்தக் கிளையை மூடுவது என்று பேசப்போகும் கூட்டம், வெளியே ஒரு வார்த்தை போகக்கூடாது, சீக்கிரம் எல்லோரையும் பிடியுங்கள் என்றார். பட்டன் சார் பதற்றத்தில் வீட்டைக் காத்திருப்பில் போட்டார். ஐந்து கிளைகளையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். எல்லோரையும் இணைத்தார். எந்த விளக்கு மினுக்குகிறது என்று பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர், தான் எழுதிய தாளுக்குக் கீழேயே உட்கார்ந்து அந்தத் தவறைச் செய்தார்.

‘டக்... டக்... டக்...’ என்று அறை முழுக்க விசிறி சுற்றியது.

“யார் லைன்ல அண்ணே இந்தச் சத்தம்?” என்றார் கடைசிக் கிளையின் கிடங்குப் பொறுப்பாளர். வாய் கொஞ்சம் நீளமான பெண்மணி, பட்டன் சாரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஆளுக்கு ஆள் அடுத்தவர்மேல் பழி போட்டார்கள். கடிகாரம் என்றார் ஒருவர். குழாய் சொட்டுகிறது என்றார் இன்னொருவர். மேலாளர் எல்லோரையும் சிவப்புப் போடச் சொன்னார். போட்டார்கள். சத்தம் நிற்கவில்லை.

பட்டன் சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்காவது விளக்கை ஒரு தட்டுத் தட்டினால் போதும், வீடு போய்விடும், யாருக்கும் தெரியாது. விரல் அதன்மேல் போய் நின்றது. அழுத்த வரவில்லை. இன்னொரு தடவை அவள் இருக்கும் வீட்டை அவர் கையாலேயே வைப்பதா?

“வேற யாரோ ஒட்டுக் கேக்கறாங்க” என்றார் மேலாளர், முகம் சிவந்துபோய். “எத்தனை பேர் இருக்காங்கன்னு கேளுங்க.”

தப்பிக்க ஒரு நிமிடம் கிடைத்தது என்று பட்டன் சார் ‘யார் யார்’ பொத்தானை அழுத்தினார்.

“இணைப்பில் ஏழு பேர் உள்ளனர்” என்றது இயந்திரம். இருக்க வேண்டியது ஆறு. பிறகு பதிவு செய்த குரல்களை வரிசையாகப் போட்டது. பதிவில் மேலாளர் தன் பதவியையும் பட்டத்தையும் நீட்டி முழக்கியிருந்தார். ஒரு கிளை இருமியது. ஒரு கிளை ‘ஹலோ, ஹலோ, கேக்குதா?’ என்பதையே பெயராகக் கொடுத்திருந்தது. இன்னும் மூன்று குரல்கள் வந்து போயின. அப்புறம் ஒரு சிரிப்பு, அதன் பின்னால் லேசாகக் குழறும் ஒரு பெண்குரல்.

“பேரெல்லாம் எதுக்குங்க? நான் இங்கதான இருக்கேன்.”

விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. பட்டன் சாரின் கை மேசைமேல் கிடந்தது, அவருடைய கை போலவே இல்லை. நான்கு மாதமாக அவர் காது தேடிய குரல், ஒரு பொத்தான் தூரத்தில், அவர் வேண்டாம் என்று விட்ட பதிவில் கிடந்திருக்கிறது.

“யாருங்க இது?” என்றார் மேலாளர். இப்போது குரலில் கோபம் இல்லை.

“என் வீட்டு லைன் சார்.”

“வீட்ல யார் இருக்காங்க?”

“யாரும் இல்ல சார்.”

மேலாளருக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவி இறந்தபோது பட்டன் சார் கொடுத்த விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். கோப்பை மூடிவைத்தார். கிளைகளில் யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது.

பட்டன் சார் ஸ்பீக்கர்போன் பக்கம் குனிந்தார். தினமும் கேட்ட அதே குரலில், கொஞ்சம் மெதுவாக, கேட்டார்.

“வைக்கட்டுமா?”

விசிறி மூன்று முறை ‘டக்’ என்றது. அவர் காத்திருந்தார். அன்றைக்குக் காத்திருக்காமல் போனதற்கும் சேர்த்துக் காத்திருந்தார். தங்களைத்தான் கேட்கிறார் என்று நினைத்திருப்பார் போல, எங்கோ கடைசிக் கிளையிலிருந்து கிடங்குப் பொறுப்பாளர் சிவப்பை எடுத்துவிட்டுச் சொன்னார்.

“ம், வைங்கண்ணே.”

அவர் நான்காவது விளக்கைத் தட்டினார். விசிறிச் சத்தம் நின்றது.

“ஒருவர் வெளியேறினார்” என்றது இயந்திரம். “இணைப்பில் ஆறு பேர் உள்ளனர்.”

பட்டன் சாரின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. வாயைக் கையால் பொத்திக்கொண்டார், அதையும் மீறிக்கொண்டு சத்தம் வந்தது. மேசை நடுவில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. மேலாளர் எழுந்து, யாரையும் எதுவும் கேட்காமல், கையை நீட்டிச் சரியான பொத்தானை அழுத்தினார்.

சிவப்பு எரிந்தது. அதன் பிறகு அவர் அழுதது எந்தக் கிளைக்கும் கேட்கவில்லை.