லீவரைத் தேடிய கை

பாளையங்கோட்டை கோர்ட்டுக்குப் பக்கத்தில் என் டைப்பிங் கடை. மூன்று டைப்ரைட்டர், நான், மஹ்மூதா பீவி, அவ்வளவுதான். அந்த வருஷம் எதிர்வரிசையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வந்ததும் வக்கீல்கள் ஒவ்வொருவராக அங்கே நகர்ந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது, நியாயமில்லாத கோபம்தான். ஒரு வரி மாறினாலும் முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்கிற கடைக்கு எவர் வருவார்?

ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கழித்துவிட்ட கம்ப்யூட்டரும் பிரிண்டரும் அப்போதுதான் கிடைத்தன. "ஒரு வாரம் வச்சுப் பாருங்க, பிடிக்கலன்னா சனிக்கிழம திருப்பிருங்க" என்றார்கள். அதில் டைப் அடிக்க இருந்தது வேர்ட்ஸ்டார் என்ற பழைய புரோகிராம் ஒன்றுதான். கறுப்புத் திரை, மவுஸ் கிடையாது.

என் அண்ணன் மகன் எபி, வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவன், பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினான்.

"ஊரே விண்டோஸுக்குப் போவுது, நீங்க இதப் போய் வாங்குதியளே அத்த."

"புதுசு வாங்க நீ பணம் தாரியா லே?" என்று அவன் வாயை அடைத்தேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். இது சரிப்படாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். மூடினால் மஹ்மூதா? பீடி சுற்றிக்கொண்டே டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணியவள். எதிர்க்கடையில் கேட்டதற்கு, சின்ன வயசுப் பிள்ளைகள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"எதுக்கும் இருக்கட்டும்னு பீடித்தட்ட மச்சுலேருந்து இறக்கி வச்சிட்டேன்க்கா" என்றாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

முதல் நாள் கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வரி முடிந்ததும் அவள் இடது கை தன்னால் மேலே போய், டைப்ரைட்டரின் லீவரைத் தள்ளுகிற மாதிரி காற்றைத் தள்ளியது. காற்றோடு டீ கிளாசும் போனது. கூடவே ஒவ்வொரு வரிக்கும் என்டர் தட்டிவிட்டாள். நடுவில் ஒரு வார்த்தை சேர்த்ததும் வரிகள் ஒன்று நீளம், ஒன்று குட்டையாகக் கலைந்தன. எபி விழுந்து விழுந்து சிரித்தான்.

அவன் சென்டருக்கே கூட்டிப்போய் விண்டோஸையும் காட்டினான். மவுஸைப் பிடிக்கக் கையை எடுத்தால் அவளுக்குப் படித்த வரி தப்பியது. பழகினால் வரும், மாட்டேன் என்று அவளும் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்குச் சனிக்கிழமைவரைதான் கெடு.

மறுநாள் நான் மேசையை இழுத்து, இடதுபக்கம் சுவரோடு ஒட்டிப் போட்டேன். லீவரைத் தேடிய கை ஒவ்வொரு தடவையும் சுவரில் இடித்தது. பட்டால்தானே புத்தி வரும். வியாழக்கிழமைக்குள் கை அடங்கிவிட்டது, என்டரும் பாராவுக்கு ஒன்றாகக் குறைந்தது.

வெள்ளிக்கிழமை காலை வக்கீல் அப்பாத்துரை வந்தார். நடந்துகொண்டே சொல்லுவார், சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும். மஹ்மூதா அவர் முகத்தைப் பார்த்தபடியே அடித்தாள். எழுத்துக்கும் கையெடுக்க வேண்டாம், மேலே கீழே போகவும் கையெடுக்க வேண்டாம். வேர்ட்ஸ்டார் அவளுக்கு வாகாக இருந்தது.

முடித்துவிட்டு, வழக்கம்போல, வாசல்வரை போய் நின்றார். "ரெண்டாம் பக்கத்துல ஒரு பாரா விட்டுப்போச்சு. சரி, இருக்கட்டும். மறுபடியும் முதல்லேருந்து அடிக்கணும், பாவம்."

"சொல்லுங்க சார். எங்கன வரணும்?" என்றாள்.

அவர் சொன்னார். அவள் சேர்த்தாள். கீழே இருந்த பாராக்கள் இடம் விட்டு நகர்ந்தன. பிரிண்டர் கரகரவென்று முழுசாக அடித்துத் தள்ளியது. அப்பாத்துரை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அப்போ நாலாவது பாராவையும் கொஞ்சம் மாத்துவோமா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை எபி, கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொண்டுபோக ஆட்டோவோடு வந்தான்.

"ஆட்டோவ அனுப்பிரு. இது இங்கனதான் இருக்கும்."

"நாளைக்கு இதையும் யாரும் சீண்ட மாட்டாவ அத்த."

"அன்னைக்கு அடுத்ததப் படிச்சுக்கிடுவோம். நீதான் சொல்லித்தரணும்."

அவன் சிரித்துக்கொண்டே போனான். நான் மஹ்மூதா பக்கம் திரும்பினேன். "கேட்டியா? அந்தப் பீடித்தட்டத் தூக்கி மச்சுல போடு."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேத்து சாயங்காலமே ஏத்திட்டேன்க்கா" என்றாள்.